நாளுக்கு ஒரு மணி நேரம்

இந்தியாவில் பெண்களுக்கான முதல் பள்ளி எது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் 1848 என்போம்: புனே, சாவித்திரிபாய் பூலே. லுத்தரன் சபையாரைக் கேட்டால் 1707 என்பார்கள்: தரங்கம்பாடி, சீகன்பால்கு. யார் முதல் என்ற போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. பட்டத்தை யாருக்குக் கொடுத்தாலும், அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்த சிறுமி யார், எதற்காக அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ராயபுரத்திலிருந்து சாத்தாங்காடு, எண்ணூர் வரை இந்தத் துறைமுகக் கரையோரத்துப் பெண்களில் பலர் ஏதோ ஒரு மிஷன் பள்ளியில் படித்தவர்கள், இல்லையென்றால் படித்தவர்களின் மகள்கள். அதனால் இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1524-இல் மார்ட்டின் லுத்தர் நகர்மன்றத்தாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிட்டார். ஊர்தோறும் பள்ளி வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்துக்கு அது பெரிய பேச்சு. ஆனால் கணக்கைப் பாருங்கள். பையன் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பள்ளிக்குப் போகட்டும், மீதி நேரம் தொழில் பழகட்டும். பெண் ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தாலும் வீட்டு வேலையைக் குறையில்லாமல் பார்த்துவிடலாம் என்கிறார். தூங்கியும் ஆடியும் விளையாடியும் அவள் கழிக்கும் நேரமே அதைவிட அதிகம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். (பெண்ணின் ஓய்வு நேரத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கம் பழையதுதான்.) படித்த பெண் வீட்டையும் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் நன்றாக நடத்துவாள் என்பதுதான் அவர் சொன்ன பயன். ஆக, எழுத்து அவளுக்குக் கிடைத்தது, வீட்டின் பொருட்டு.

இந்தக் கணக்கு கப்பலேறித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. டென்மார்க் மன்னர் அனுப்ப, ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் வளர்ந்த பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது முடிய ஒரு நாள் இருந்தது. அவர் தமிழ் கற்ற விதம் பலருக்குத் தெரியும். திண்ணைப் பள்ளியில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அந்த மணலில் பெண்ணின் விரல் பட்டதில்லை. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பது ஊர் நினைப்பு. கோயிலோடு இணைந்திருந்த தேவரடியார்தான் படிக்கவும் பாடவும் கற்றவர்கள். அதனாலேயே மற்ற வீடுகளில் பெண் படிப்பதே மரியாதைக் குறைவாகப் பார்க்கப்பட்டது.

1707-இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு வசதியான வீட்டுப் பெண்கள் ஏன் வரவில்லை என்பதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி, சபைக்கு முதலில் வந்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. அந்த ஆண்டு மே 12 அன்று முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பிய எஜமானர்களின் அடிமைகள். பள்ளி இலவசம், சோறும் துணியும் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஏழைகளின் பிள்ளைகளும் அனாதைகளும். இறைநூலை ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும் என்ற நம்பிக்கை, ஊர் யாருக்கு எழுத்தே வேண்டாம் என்றதோ அவர்கள் கையில் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பையன்கள் பள்ளியிலிருந்து ஒரு பாதை வெளியே போனது: உபதேசியார், ஆசிரியர், பிறகு குரு. 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளியிலிருந்து போன பாதை உபதேசியாரின் அடுப்படிக்குப் போனது. படித்த ஊழியனுக்குப் படித்த மனைவி வேண்டும் என்பது மிஷன் பெண்கல்வியின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று.

அந்தச் சிறுமிகள் நினைத்ததை நாம் அறிய வழியில்லை. அவர்கள் ஹாலேவுக்குப் போன அறிக்கைகளில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். தமிழ் ஆண்கள் சீகன்பால்குவுக்கு எழுதிய பதில் கடிதங்களோ ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு அச்சாகியே வந்தன.

ஒரு பெண் மட்டும் ஆவணத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறாள். தரங்கம்பாடி நாவிதர் ஒருவரின் மனைவி, கணவனை இழந்தவள். இறந்துபோன கணவனுக்கும், டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையிலான கடன் அவள் தலையில் விழுந்தது. சீகன்பால்கு அவளுக்காகப் பேசப்போனார். கோட்டைத் தளபதி ஹாசியஸோடு ஏற்கெனவே இருந்த உரசல் முற்றி, 1708 கடைசியில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார். எல்லா வரலாற்று நூல்களும் அந்த நான்கு மாதத்தைச் சொல்கின்றன. அந்தப் பெண் அவற்றில் நாவிதரின் விதவை, அவ்வளவுதான். ஆனாலும் யோசியுங்கள். கம்பெனி ஆள் ஒருவனை எதிர்த்து முறையிடலாம் என்று அந்த ஊரில் முடிவெடுத்தவள் அவள்.

சென்னைக்கு இந்தப் பணி 1726-இல் வந்தது. பெஞ்சமின் சூல்ட்சே கருப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன் பக்கம், பள்ளி நடத்தினார். செலவை ஆங்கிலேயச் சங்கம் ஏற்றது. அவருக்குப் பின் வந்த ஃபபிரிசியஸ் தமிழ் அகராதியாலும் வேதாகம மொழிபெயர்ப்பாலும் பெயர் பெற்றவர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவரும் சபையும் தஞ்சம் புகுந்த இடம் டச்சுக்காரர் கையிலிருந்த பழவேற்காடு, எண்ணூருக்கு வடக்கே. 1749-க்குப் பிறகு வேப்பேரி அவர்கள் இடமானது. வடசென்னைக்குப் படிப்பு ஐரோப்பியர் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்திலேயே இலக்கணம் சொல்லிக்கொடுக்கத் தனி மண்டபம் இருந்தது. அங்கே பாணினி படித்தார்கள், ஆண்கள்.

ஹாலே வழிவந்த சுவார்ட்ஸிடம் வந்த கிளாரிந்தா வேறு மாதிரி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்த பிறகுதான், 1778-இல், பாளையங்கோட்டையில் கொடுத்தார். கேள்வி கேட்கப்பட்டது பெண்ணின் ஒழுக்கம் மட்டும்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர்; முதல் பெயர் கிளாரிந்தா. 1785-இல் அவர் முயற்சியில் எழுந்த கோயிலை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். பெயர் பதிவேட்டில் ஏறிய பெண்ணையும் ஊர் சாதியைச் சொல்லித்தான் அழைத்தது.

சாதி கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. தரங்கம்பாடிக் கோயிலிலேயே வேளாளருக்கு ஒரு பக்கம், தலித்துகளுக்கு ஒரு பக்கம் என்று இடம் பிரித்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மற்ற புராட்டஸ்டண்ட் மிஷன்கள் இதை எதிர்த்தபோது லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதி ஒரு சமூக வழக்கம், மெல்ல மாறட்டும் என்ற நிலையெடுத்தது. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய கவிஞரே சாதி ஆசாரத்துக்காக மிஷனரிகளோடு சண்டை போட்டார். பெண்கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். பள்ளியில் யாரோடு உட்காரலாம், யார் தொட்ட தண்ணீரைக் குடிக்கலாம் என்பதில் பெற்றோருக்குப் பையனைவிடப் பெண்ணைப் பற்றித்தான் அதிகப் பதற்றம். அவள் வழியாகத்தானே சாதி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மெல்ல மாறட்டும் என்றவர்கள் தலித் சிறுமியின் காலத்தைத்தான் கடனாக எடுத்துக்கொண்டார்கள்.

இருந்தும் கணக்கு மீறியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிஷன்களுக்குப் பெண் ஆசிரியர்களும், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் ‘பைபிள் உமன்’களும் தேவைப்பட்டார்கள். ஆண்கள் நுழைய முடியாத அறைகளுக்குள் அவர்கள் நுழைந்தார்கள். பலர் கணவனை இழந்தவர்கள். சம்பளம் சொற்பம்தான். ஆனாலும் வயலிலும் வீட்டிலும் உழைப்பதற்கு அப்பால், எழுத்தைக் கொண்டு பெண் சம்பாதித்த முதல் வேலைகளில் அது ஒன்று. தெருவில் தனியாக நடந்துபோக அவளுக்கு ஒரு காரணமும் கிடைத்தது. இந்தக் கதையில் என்னை அதிகம் கவர்வது அந்த நடைதான்.

மிஷனிலிருந்து பிரிந்து 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. தரங்கம்பாடிப் பேராயர்களாக முதலில் ஸ்வீடன்காரர்கள் இருந்தார்கள்; 1956-இல் ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார். ஸ்வீடன் திருச்சபை 1958-இல் பெண்களுக்குக் குருப்பட்டத்தைத் திறந்தது. 2013-இல் தென்னிந்தியத் திருச்சபை நந்தியாலில் புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. தரங்கம்பாடிப் பேராயர் வரிசையில் இன்னும் ஒரு பெண் பெயர் ஏறவில்லை. ஞாயிறுப் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம், நோயாளி வீடுகளைச் சந்திப்பது, பாரிஷ் விருந்துக்கு வெங்காயம் உரிப்பது என்று சபை நடப்பதே பெண்களால். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுப்பாருங்கள். இதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.