சவர்க்காரம் விற்ற பலசாலி

எமது ஊர்களில் பலசாலிக்குப் பெயர் 'சாண்டோ'. 1905இல் இந்தியாவில் வித்தை காட்டிச் சென்ற யூஜின் சாண்டோ விட்டுப்போன பெயர் அது. நாம் வந்து சேர்ந்த டெக்சாசுக்கும் ஒருவர் உண்டு. ருஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்தில் 1893இல் பிறந்த யூதர், ஜோசப் கிரீன்ஸ்டீன். கால்வெஸ்டனில் கரையிறங்கித் துறைமுகத்தில் கூலிவேலை செய்தார். எண்ணெய் வயல்களில் உழைத்தார். ஐந்தடி நான்கு அங்குல மனிதர் பின்னாளில் 'மைட்டி அட்டம்' ஆனார்.

அவர் வளைத்தவை ஆணி, குதிரை லாடம், இரும்புக் கம்பி. இந்தப் பயிற்சிக்குப் பெரும் பணம் வேண்டாம். சாதாரண உருக்குக் கம்பியைக் குட்டையாக வெட்ட வெட்ட, கைப்பிடிக்குள்ள நெம்பு குறைந்து வளைப்பது கடினமாகும். ஒரு நீளக் கம்பியே பல படிகளுக்குப் போதும்.

1977இல் மறைந்த அவர், முதுமையிலும் சந்தைகளில் கம்பி வளைத்துக் கூட்டம் சேர்த்துச் சவர்க்காரம் விற்றார். கோப்பை கழுவிப் பிழைக்கும் எமக்கு, அந்த வித்தையைவிட அந்தச் சவர்க்காரமே கூடுதலாக விளங்குகிறது.