மடக்கெழுத்தாணி முதல் மடக்குக் கத்தி வரை

மடக்குக் கத்தி என்பது அலகைப் பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தியாகும். சட்டைப்பையிலோ இடுப்பிலோ எப்போதும் உடன் வைத்திருக்கத் தக்கது. பேனாக்கத்தி என்ற பெயரும் இதற்கு உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த பொருளாகவே இது பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் மடக்கி உடன் கொண்டு செல்லும் கத்தி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் எழுதுவோர் வைத்திருந்த மடக்கெழுத்தாணியில் எழுத்தாணியும் கத்தியும் ஒரே பிடியில் அமைந்திருந்தன. அந்தக் கருவி ஏன் தோன்றியது, ஏன் மறைந்தது என்று அறிவது, இன்று நல்ல மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கும் உதவும்.

ஆலந்தலை: மூன்று தொழில்கள், மூன்று கத்திகள்

ஆலந்தலை, தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள மீனவர் ஊர். பழைய முத்துக்குளித்துறை ஊர்களுள் ஒன்று. பிரான்சிசு சவேரியார் 1544 செப்டம்பரில் இவ்வூரிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. ஊருக்குக் கிழக்கே கடல். மேற்கே செம்மணல் தேரியும் பனங்காடும். கடல் தொழில், பனைத் தொழில், ஓலையில் எழுதும் தொழில் ஆகிய மூன்றுமே இந்தக் கரையில் நெடுங்காலம் நடந்தவை. மூன்றுக்கும் கத்தி தேவைப்பட்டது. எனினும் அவற்றுள் மடங்கியது ஒன்றுதான்.

பனையேறியின் பாளை அரிவாள் மடங்காது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் தடையின்றி வடியும். சீவல் சற்றுத் தடித்தாலும் பாளை விரைவில் தீர்ந்துவிடும். எனவே அரிவாளின் கூர் மழிப்புக் கத்தியின் கூரை ஒத்திருக்க வேண்டும். பிடியும் அலகும் சிறிதும் ஆடக் கூடாது. மரத்தின் உச்சியில் ஒரு கையால் எடுத்து, ஒரு கையால் சீவி, மீண்டும் வைக்க வேண்டும். அங்கே கத்தியை விரித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அதை மடக்குவதற்குப் பதிலாக இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் வைத்தனர்.

கடலோடியின் கத்தியும் மடங்காது. வலையில் சிக்கிய கயிற்றை அறுக்க வேண்டிய நேரத்தில் ஒரு கை ஏற்கெனவே வலையையோ மரத்தையோ பற்றியிருக்கும். மற்றொரு கையால் மட்டுமே கத்தியை எடுத்துப் பயன்படுத்த இயலும். உப்பு நீரும் மணலும் புகுந்தால் கீல் துருப்பிடித்து இறுகும். முத்துக் குளித்தவர்களுக்குக் கடலடியில் கத்தி முதன்மைக் கருவியாக இருக்கவில்லை. கல் கட்டிய கயிற்றைப் பற்றி இறங்கி, சிப்பிகளைக் கையால் பறித்துப் பையில் நிரப்பி மேலே வந்தனர். கரைக்கு வந்த பிறகே கத்திக்கு வேலை. குளித்தவர் தம் பங்காகப் பெற்ற சிப்பிகளைச் சில்லறையாக விற்பதும், வாங்கியவர் அங்கேயே சிறு கத்தியால் பிளந்து முத்து தேடுவதும் வழக்கம். பெரும் அளவிலான சிப்பிகளைப் பிளப்பதில்லை. அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்தனர். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே அரசு நடத்திய கடைசித் தொடராகும்.

மூன்றாவது, எழுதுவோரின் கத்தி. நிலக் கணக்கு, கடன் முறி, கடிதம், சாதகம், பாடல் ஆகிய யாவும் ஓலையில் எழுதப்பட்டன. எழுதுபவர் ஊர் ஊராகச் சென்றார். திண்ணையில் அமர்ந்து எழுதினார். கருவியை உடன் எடுத்துச் சென்றார். உலர்ந்த இடத்தில், பொறுமையாக, இரு கைகளாலும் செய்யும் வேலை இது. கத்தி மடங்கியது இவரிடத்தில்தான்.

மடக்கெழுத்தாணியின் அமைப்பு

எழுத்தாணியில் பல வகைகள் இருந்தன. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பவற்றை உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் விளக்கியுள்ளார். குண்டெழுத்தாணி தலை கனத்தது. எழுதப் பழகுபவர்களுக்கு ஏற்றது. வாரெழுத்தாணியில் ஓலையை வாருவதற்கான கத்தியும் சேர்ந்திருக்கும். மடக்கெழுத்தாணி இவற்றின் வளர்ந்த வடிவம் எனலாம். எழுத்தாணியையும் கத்தியையும் மடக்கி வைத்துக்கொள்ளும் வகையில் அது அமைந்திருந்தது. மரம், கொம்பு, தந்தம் போன்றவற்றால் பிடி செய்யப்பட்டது.

எழுத்தாணியோடு கத்தி ஏன் சேர வேண்டும் என்பதை ஓலையின் இயல்பு விளக்கும். பனையோலையை அப்படியே எழுதப் பயன்படுத்த முடியாது. நடு ஈர்க்கை நீக்கி, ஓரங்களை ஒரே அகலத்தில் வாரி, நுனிகளை நறுக்கி, பதப்படுத்த வேண்டும். கடிதம் எழுதுவதற்கும் ஓலையிலிருந்து ஒரு நறுக்கை வெட்டியெடுக்க வேண்டும். எழுதுமுன் கத்தி, எழுதும்போது ஆணி என இரண்டும் மாறி மாறித் தேவைப்பட்டன. கூர்மையான இரு முனைகளை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது ஆபத்து. மடக்குவதே அதற்குத் தீர்வாக இருந்தது.

கத்தி தேய்ந்தால் தீட்டிக்கொள்ளலாம். கீல் தளர்ந்தால் எழுத்தே கெடும். ஓலையில் எழுதும்போது இடக்கைப் பெருவிரல் எழுத்தாணிக்கு அணையாக நிற்க, ஓலையையே நகர்த்தி எழுதுவார்கள். ஆணி அணுவளவு ஆடினாலும் ஓலை கிழியும். ஆகவே மடக்கெழுத்தாணியின் தரம் அதன் கீலில் இருந்தது. மடங்கும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும்.

இறகுப் பேனாவும் பேனாக்கத்தியும்

மடக்குக் கத்தி உலகில் மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புப் பிடிக் கத்தி ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உரோமானியரும் மடக்குக் கத்திகளைப் பயன்படுத்தினர். அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் முதுகுவில் கொண்ட கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் பெருகின.

ஐரோப்பாவிலும் மடக்குக் கத்திக்கு எழுத்தோடு உறவு உண்டு. அங்கே பறவை இறகைச் சீவிப் பேனா செய்தனர். எழுத எழுத முனை மழுங்கும். மீண்டும் சீவ வேண்டும். அதற்கென வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. ஐரோப்பியரின் கத்தி எழுதுகோலைச் சீவியது. தமிழரின் கத்தி எழுதப்படும் ஓலையை வாரியது. இரண்டும் எழுத்தரின் கருவிகளே.

இவற்றின் முடிவுதான் வேறுபட்டது. 19ஆம் நூற்றாண்டில் எஃகு முனைப் பேனா பரவியதும் இறகுப் பேனா மறைந்தது. ஆனால் பேனாக்கத்தி மறையவில்லை. பென்சில் சீவவும், நூல் அறுக்கவும், பழம் நறுக்கவும் அது பயன்பட்டது. பேனாவை விட்டுப் பிரிந்த பிறகும் பெயர் மட்டும் நிலைத்தது. தமிழ்நாட்டிலும் காகிதமும் அச்சும் ஓலையின் இடத்தைப் பிடித்தன. முத்துக்குளித்துறையைச் சேர்ந்த புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் தமிழில் அச்சாயிற்று. ஆயினும் ஓலை உடனே மறையவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ 300 ஆண்டுகள் வழக்கில் இருந்தது. 1835இல் அச்சகங்களின் மீதான கட்டுப்பாடு நீங்கி, காகிதமும் மலிந்த பின்னரே ஓலை எழுத்து ஓய்ந்தது. மடக்கெழுத்தாணியும் அதனோடு சென்றது. அதிலிருந்த கத்தி கெட்டுப்போகவில்லை. ஆனால் அது எழுத்தாணியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரே வேலைக்கென இணைந்த கருவி, அந்த வேலை முடிந்ததும் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதன் இடத்தில் கடைக்கு வந்தது சீமைப் பேனாக்கத்தி.

உருக்கும் பேனாக்கத்தியும்

அந்தச் சீமைக் கத்தியின் வரலாற்றிலும் இந்தியாவுக்கு இடமுண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. தமிழ்நாட்டின் கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய இடங்களில் மண்குகையில் இரும்பை உருக்கி எஃகு செய்ததற்கான தடயங்கள் உள்ளன. இந்த எஃகையே ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னடத்தின் உக்கு, தமிழின் உருக்கு என்ற சொற்களோடு இப்பெயர் தொடர்புடையது.

பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட ஊட்ஸ் எஃகை ஆராய்ந்து, 1795இல் ஜார்ஜ் பியர்சன் அரச கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். அந்த எஃகைச் சோதிக்க இலண்டன் கத்திக் கொல்லரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் செய்த பொருள் ஒரு பேனாக்கத்தி. அதன் கூர் அவரை மிகவும் கவர்ந்தது. பின்னர் அவர் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு எஃகு நல்லதா என்று அறிய வாளோ கோடரியோ செய்யப்படவில்லை. சிறு பேனாக்கத்தியே போதுமானதாக இருந்தது.

நல்ல மடக்குக் கத்தியின் இலக்கணம்

எந்தக் கத்தி நல்லது என்ற கேள்விக்கு முன், எந்த வேலைக்கு என்ற கேள்வி நிற்கிறது. கயிறு, அட்டைப்பெட்டி, பழம், பென்சில் ஆகிய அன்றாட வேலைகளுக்கு 6 முதல் 8 செ.மீ. நீள அலகு போதும். பின்வருவனவற்றை வாங்குமுன் பார்ப்பது நலம்.

கீல்: அலகை முழுதும் திறந்து, நுனியைப் பிடித்து இடவலமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். பக்கத்தில் உரசினால் கீல் ஆணி சரியாக அமையவில்லை என்று பொருள்.

பூட்டு: முதுகுவில் மட்டும் உள்ள கத்தி, அலகின் முதுகில் அழுத்தம் பட்டால் மடங்கி விரலை வெட்டக்கூடும். குத்தித் துளையிடவோ அழுத்தி அறுக்கவோ பயன்படுத்துபவருக்குப் பூட்டுள்ள கத்தியே ஏற்றது. பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் தோன்றிய ஓப்பினெல் மரப்பிடிக் கத்திக்கு, கீலைச் சுற்றித் திருகும் வளையப் பூட்டு 1955இல்தான் சேர்ந்தது. அதுவரை அதிலும் பூட்டு இல்லை.

எஃகு: கரிம எஃகு எளிதில் தீட்டத் தக்கது, நல்ல கூர் ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். 1913இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாரி பிரேர்லி உருவாக்கிய துருவேறா எஃகில் குரோமியம் சேர்ந்துள்ளது. ஆலந்தலை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றே அலகை அரித்துவிடும் என்பதால் துருவேறா எஃகு பொருத்தமானது. அதையும் கடல்நீர் பட்டால் நல்ல நீரில் கழுவி, துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

பிடி: ஈரக் கையில் வழுக்கக் கூடாது. மரப்பிடி அழகானது, ஆனால் நீரில் ஊறினால் உப்பி, அலகைத் திறக்க விடாது. கடற்கரையில் நைலான் போன்ற செயற்கைப் பிடி நீடிக்கும்.

துணைக் கருவிகள்: 1897இல் கார்ல் எல்ஸ்னர் பதிவு செய்த சுவிட்சர்லாந்து அதிகாரிக் கத்திக்குப் பிறகு, பல கருவிகள் சேர்ந்த மடக்குக் கத்திகள் பெருகின. நாள்தோறும் பயன்படாத கருவிகள் எடையையும் அழுக்கு சேரும் இடுக்குகளையும் கூட்டுமேயன்றி வேறு பயன் தருவதில்லை.

சட்டமும் வழக்கமும்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதற்கு விலக்கு. சிறிய பேனாக்கத்தி இந்த அளவுக்கு மிகவும் கீழே நிற்கிறது. எனினும் விமானப் பயணத்தில் கைப்பையில் அதை எடுத்துச் செல்ல முடியாது. பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களுக்கும் எடுத்துச் செல்லாமலிருப்பதே முறை. விசையை அழுத்தியதும் பாய்ந்து விரியும் பட்டன் கத்தி அன்றாட வேலைக்கு எந்தக் கூடுதல் பயனும் தராது. வீண் ஐயத்துக்கே இடம் தரும்.

பாளை அரிவாளும் கடலோடியின் கத்தியும் மடங்காமல் இருந்தது கொல்லரின் திறமைக் குறைவால் அன்று. அந்த வேலைகள் மடக்கத்தை ஏற்கவில்லை. மடக்கெழுத்தாணி மடங்கியதும் வேலையின் தேவையாலேயே. இன்று நூறு வகை மடக்குக் கத்திகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரும் பனையேறியும் கடலோடியும் ஓலை எழுதியவரும் பார்த்ததையே பார்க்க வேண்டியிருக்கிறது: கை எங்கே, எப்போது, எதை அறுக்கப் போகிறது என்பதை.