திண்ணையில் நடந்த வழக்கு

இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் ஆலை வருமுன் எங்களுக்கு ஏரிப்பாசனமும் திண்ணைப் பேச்சும்தான். தாத்தா திமுக, அவர் தம்பி காங்கிரஸ்.

1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா, மாநிலங்களவைக்குப் போய்த் திராவிட நாடு கேட்டார். அந்தக் கோரிக்கையில் நம்பிக்கையிழந்த ஈ.வெ.கி. சம்பத் 1961லேயே கட்சியை விட்டு விலகியிருந்தார். 1963இல் நாடாளுமன்றம் 16ஆவது திருத்தம் கொண்டுவந்தது: தேர்தலில் நிற்பவர் இந்திய ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அண்ணா எதிர்த்துப் பேசினார். அந்த ஆண்டே திமுக பிரிவினையைக் கைவிட்டது.

“ஜனங்களைக் கேக்காம பூட்டுப் போடலாமா?” என்பார் தாத்தா.

“பிரிஞ்சு போயி எப்படிப் பொழைக்கிறது, அண்ணே?” என்பார் தம்பி.

பிரிவினை எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தாத்தாவின் கேள்வி நியாயமானது, இன்றும்.

1967இல் அண்ணா முதல்வரானார். அன்று சின்னத் தாத்தாவும் எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாராம்.