மூத்தாப்பா தின்ற சோறும் நாம் தின்கிற சோறும்



கொஞ்ச நாளாக ஊரில் இரண்டு கட்சி. சோற்றையும் பாணையும் நிறுத்தினால் சீனி வருத்தம் ஓடிவிடும் என்பது ஒரு கட்சி. நியாண்டர் செல்வன் தொடங்கிய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவின் பேலியோப் பட்டியல்கள் இங்கேயும் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கின்றன. மற்றக் கட்சிக்கு ஒரே வாதம்தான்: "நம்மட மூத்தாப்பாமார் மூணு நேரமும் சோறு திண்டுதானே நல்லா இருந்தாங்க?"

பார்த்தால் வைத்தியக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் இது சரித்திரக் கேள்வி. அவர்கள் தின்றது எந்தச் சோறு, எவ்வளவு, எதோடு? நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நாம் பாடசாலையில் படித்தது. முன்பே இங்கிருந்தவர்களோடு சேர்ந்து, வியாபாரிகளாக அறியப்பட்ட சமூகத்தின் பெரும்பகுதி இந்த வாவிக்கரையில் வயற்காரராக மாறியது. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. சோறு நம்முடைய உணவு மட்டுமல்ல, நம்முடைய அடையாளமும்தான். அதனால்தான் "சோற்றைக் குறை" என்று டொக்டர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது.

ஆனால் அந்தச் சோறு பச்சைப்பெருமாள், சீனட்டி போன்ற பழைய நெல்லினங்களின் சிவப்பரிசி. நெல்லை அவித்து, காயவைத்து, உரலில் இடிப்பார்கள். தவிடு முழுதாகப் போகாது. வாவி தந்த மணலை, கெளுத்தி, இறால், நண்டு ஒரு பக்கம். முருங்கையிலை, பொன்னாங்காணி ஒரு பக்கம். எருமைத் தயிர் இருந்தால் அதுவும். மூன்று நேரமும் சோறு என்பதே போடியார் வீட்டுக் கதை. மாரி மழையை நம்பிய வயல்காரன் வீட்டில் அறுவடைக்கு முந்திய மாதங்களில் குரக்கனும் சோளனும் மரவள்ளியும்தான் அடுப்பில் இருக்கும். தின்றவர் விடியமுன் வள்ளத்தில் வாவியைக் கடந்து, பொழுதுபட மட்டும் சேற்றில் நின்றார். (உலக்கை திரும்பி வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அதைப் பிடித்துக் கை காய்த்துப்போனவர்கள் நம் மூத்தம்மாமார்.)

முதல் மாற்றம் ஆலை. தீட்டிய வெள்ளை அரிசி என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு தீவில் சாட்சி உண்டு. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்ததும் எழும்புவதையும் கண்டார். அது பெரிபெரி, விட்டமின் குறைபாடு. சீனி வருத்தம் அல்ல. ஆனாலும் தவிட்டோடு என்னென்ன போகிறது என்று உலகம் கேட்கத் தொடங்கியது அங்கேதான்.

இரண்டாவது மாற்றம் யுத்தத்தோடு வந்தது. அந்தக் காலத்தில் இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் முக்கியமாக பர்மாவிலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. அரிசி கூப்பனுக்கு வந்தது. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டதை நினைத்தால், அந்த மாவை நாம் குறைசொல்ல முடியாது. ஆனால் யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. ரொட்டி, பாண், பணிஸ் என்று வீட்டுக்குள் குடியேறிவிட்டது. 'அமெரிக்கன் மா' என்று அதைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சோறு அரசியலாகவும் ஆனது. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு, சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் பல ஆண்டுகளுக்கு எந்த அரசும் மக்களுக்கு மலிவு அரிசியும் மலிவு மாவும் கொடுக்காமல் இருக்கத் துணியவில்லை. மீனுக்கோ முட்டைக்கோ பயறுக்கோ அப்படியொரு ஹர்த்தால் நடந்ததில்லை! 1980இல் நம் மாகாணத்திலேயே, திருகோணமலை சீனன்குடாவில், பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கொத்துரொட்டியும் பராட்டாவும் இரவுச் சாப்பாடானதற்குப் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது.

இதற்கிடையில் கல்லோயாத் திட்டம் தெற்குப் பக்கத்து வயல்களுக்கு நீர் தந்தது. பத்தலகொடையிலிருந்து வந்த புதிய நெல்லினங்கள் விளைச்சலைக் கூட்டின. பசி குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு 1990. படுவான்கரை வயல்களுக்குப் போக முடியாமல் போன குடும்பங்கள் எத்தனை! வயல் போனது, உழைப்பும் போனது, கோப்பையில் சோறு மட்டும் குறையவில்லை. கடைக் கதிரையில் இருந்துகொண்டு வயற்காரன் அளவு தின்னத் தொடங்கினோம். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான் என்பது நம் எண்ணம்.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2005-2006 ஆய்வில் நாட்டின் வளர்ந்தவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு. 2018-2019 ஆய்வில் 23 சதவீதம். இரண்டும் ஒரே முறையில் அளந்தவை அல்ல. ஆனால் கிளினிக் வரிசையைப் பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கால் விரல் எடுத்தவர்கள், கண் மங்கியவர்கள், இரத்தம் சுத்திகரிக்க நாள் பார்த்துக் காத்திருப்பவர்கள் எந்த ஒழுங்கையில் இல்லை?

மாச்சத்தைக் குறைப்பது நேற்று வந்த மோஸ்தரும் அல்ல. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற மையித்து அடக்கப் பொறுப்பாளர், டொக்டர் சொற்படி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கைக் கைவிட்டு உடல் மெலிந்து, அதைச் சிறு நூலாகவே எழுதினார். 81 வயது வரை வாழ்ந்தார். இன்சுலின் வருமுன் நீரிழிவுக்கு டொக்டர்மாரிடம் இருந்த முக்கிய ஆயுதமே மாச்சத்துக் கட்டுப்பாடுதான். ஆனால் அதனால் நோயாளிப் பிள்ளைகளின் சாவைத் தள்ளிப்போட மட்டுமே முடிந்தது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்ட பிறகுதான் அவர்கள் பிழைத்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் பெயரும் பான்டிங் என்பது ஒரு வேடிக்கை.

ஆயுள் கூடுமா என்பதற்கு இரு கட்சிக்கும் பிடிக்காத பதிலை 2018இல் லான்செட் குழும இதழொன்றில் வந்த ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 15,428 பேரைச் சுமார் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உணவுச் சக்தியில் 50 முதல் 55 சதவீதம் மாச்சத்திலிருந்து பெற்றவர்களிடம் இறப்பு குறைவு. 70க்கு மேல் போனவர்களிடமும் கூட, 40க்குக் கீழே போனவர்களிடமும் கூட. சோற்றின் இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களைவிடப் பருப்பு, கொட்டைகள் போன்ற தாவர உணவால் நிரப்பியவர்கள் நன்றாக இருந்தார்கள். இப்படிப் பின்தொடரும் ஆய்வு காரணத்தை நிரூபிக்காது, போக்கைத்தான் காட்டும். நமக்கு நெருக்கமானது 2022இல் இந்தியாவில் 18,090 பேரின் தரவை வைத்து, சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று செய்த கணக்கு. புதிதாக நீரிழிவு கண்டவர்கள் நோய் தணிய மாச்சத்தை 49 முதல் 54 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது அது. நம் கோப்பையில் அது மூன்றில் இரண்டுக்கும் மேல்.

ஆகவே சோற்றை அடியோடு நிறுத்து என்று இந்த எண்கள் சொல்லவில்லை. பாதியாக்கு, பக்கத்தில் மீனையும் பயறையும் கீரையையும் கூட்டு என்கின்றன. அதாவது வாவிக்கரையின் பழைய கோப்பைக்குக் கிட்ட வா என்று! சிவப்பரிசி என்று பெயர் சொல்லி மலைபோல் போட்டால் அதுவும் சீனிதான். ஒரு தேநீர்க் கோப்பை அளவு சோற்றில் சுமார் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. நோன்பு திறக்கும்போது கஞ்சிக்கு மேல் சமோசா, ரோல்ஸ், சர்பத் என்று அடுக்குவதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இன்சுலினோ சீனிக்குக் குளிசையோ பாவிப்பவர் டொக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தினால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம். சிறுநீரில் சீனியை வெளியேற்றும் புதிய வகைக் குளிசை எடுப்பவர் மாச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் முட்டை, இறைச்சி, மீனைத் தன்பாட்டில் கூட்டக் கூடாது. வட்ஸ்அப்பில் வந்த பட்டியலை அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். குளிசையை எவ்வளவு குறைப்பது என்று அவர்தான் எழுத வேண்டும்.