சமையலறை மேசைப் பள்ளிக்கூடம்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தை அங்குள்ளவர்கள் ‘அவுட்பேக்’ என்பார்கள். ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் இருப்பது அங்கே சாதாரணம். பத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தானே பள்ளிக்கூடம் எழும்பும்? வசதியுள்ளவர்கள் பிள்ளையை நகரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இல்லையென்றால் சம்பளம் கொடுத்து ஓர் ஆசிரியையை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் எழுத்தறிவிப்பது தாயின் அன்றாட வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அந்தப் பெற்றோர் பள்ளியை வெறுத்து வீட்டுக்கல்விக்கு வந்தவர்கள் அல்லர்; தூரம் அதை அவர்கள் தலையில் ஏற்றியது.

அரசு இதில் தபால்வழியாகக் கைகொடுக்கத் தொடங்கியது 1914இல். விக்டோரியா மாநிலத்தின் ஆட்வே மலைக்காட்டில் குடியேறிய ஒரு குடும்பம் தன் பிள்ளைகளின் படிப்புக்கு வழி கேட்டுக் கல்வித்துறைக்கு எழுதியது. மெல்பர்ன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் பாடங்களை எழுதித் தபாலில் அனுப்பினார்கள். அந்த ஏற்பாடே வளர்ந்து அஞ்சல்வழிப் பள்ளியாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் 1916இலும் குவீன்ஸ்லாந்து 1922இலும் இதே வழிக்கு வந்தன.

அஞ்சல்வழிப் பாடம் இயங்கிய விதம் எளிமையானது. நகரத்திலிருந்து பாடக்கட்டு வரும்; பிள்ளை எழுதி முடித்ததும் விடைகளைத் தாய் கட்டித் திருப்பி அனுப்புவாள்; திருத்திய தாள்கள் அடுத்தடுத்த தபாலில் வந்து சேரும். மழை வெள்ளத்தில் பாதை அறுந்தால் தபாலும் நின்றுபோகும். ஒரு கணக்கில் பிள்ளை செய்த தவறு ஆசிரியரின் கைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் பாடமே மறந்துவிடும். ஆகவே தவறை அந்த நேரத்திலேயே கண்டு திருத்த வேண்டியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்தான். அவளே அதிகம் படித்திராதவளாக இருக்கலாம். மூன்று பிள்ளைகள் இருந்தால் மேசையைச் சுற்றி மூன்று வகுப்புகள். ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் பருவத்திலும், மேய்ச்சலுக்குப் போன மாடுகளை வளைத்து ஓட்டிவரும் நாட்களிலும் வேலையாட்கள் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட வேண்டும். அடுப்பில் ரொட்டி, மேசையில் வாய்ப்பாடு. இவற்றையெல்லாம் விடக் கடினமானது ஒன்று உண்டு. காலையில் கண்டித்துப் பாடம் சொன்னவளே மாலையில் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டியிருந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீடு ஒரு புகலிடம். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒதுங்க வேறு இடம் இல்லை, தாய்க்கும் இல்லை.

தனிமையைக் கொஞ்சம் உடைத்தது வானொலி, அதுவும் மருத்துவத்தின் வழியாக வந்தது. பிரஸ்பிட்டேரியன் போதகரான ஜான் ஃபிளின் 1928இல் குளோன்கரியில் விமான மருத்துவ சேவையைத் தொடங்கினார். மின்சாரம் இல்லாத பண்ணையிலிருந்து மருத்துவரை எப்படி அழைப்பது? அடிலெய்டைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் டிரேகர், சைக்கிள் போல் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியைச் செய்து கொடுத்தார். 1929இலிருந்து அது பண்ணை வீடுகளில் இடம்பிடித்தது. முதலில் மோர்ஸ் தந்திக் குறிகள் மட்டுமே போயின. பிறகு குரலும் போனது. மருத்துவ அழைப்புகள் இல்லாத வேளையில் பண்ணைப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளத் தனி நேரம் ஒதுக்கப்பட்டது. கூட்டமாய்க் கத்தும் கலா கிளிகளின் பெயரால் அதைக் ‘கலா செஷன்’ என்றார்கள். மாதக்கணக்கில் வேறொரு பெண்ணின் முகம் பாராதவர்களுக்கு அந்த அரட்டை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை.

இந்தக் கருவியைப் படிப்புக்கும் பயன்படுத்தலாம் என்று கண்டவர் தென் ஆஸ்திரேலியக் கல்வியாளர் அடிலெய்ட் மீத்கி. பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர் அவர். உள்நிலப் பயணத்தில் பண்ணைப் பிள்ளைகள் புதியவர்களைக் கண்டு கூசி ஒதுங்குவதைப் பார்த்தார். அவர்களுக்குக் குறைவாக இருந்தது பாடநூல் அல்ல, சக பிள்ளைகளின் குரல் என்று அவருக்குப் பட்டது. அவருடைய யோசனையின்படி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விமான மருத்துவ நிலையத்தின் அலைவரிசையில் 1951 ஜூன் 8 அன்று ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’ முறையாகத் தொடங்கியது. 1956இல் புரோக்கன் ஹில்லில் அடுத்த பள்ளி எழுந்தது. அதன் தொடக்க கால ஆசிரியை ஃபிலிஸ் கிப் பின்னாளில் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார்.

வானொலி வகுப்பில் வருகைப் பதிவு, பாட்டு, வாசிப்பு எல்லாம் நடந்தன. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் கேட்க மட்டுமே முடியும். முடித்ததும் ‘ஓவர்’ சொல்ல வேண்டும். இடி மின்னல் நெருங்கினால் இரைச்சலில் ஆசிரியையின் குரல் மூழ்கிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தும் அடுத்த பிள்ளை தடுமாறி வாசிப்பதைக் கேட்ட குழந்தைக்கு, தான் மட்டும் தனியாக இல்லை என்று தெரிந்தது. ஆனால் இந்த வகுப்பு நாளின் ஒரு சிறு பகுதிதான். மற்ற நேரமெல்லாம் தபாலில் வந்த பாடங்களோடு தாயே உட்கார்ந்தாள். உலகின் மிகப் பெரிய வகுப்பறை என்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பள்ளி புகழ்பெற்றது. அந்த வகுப்பறைக்குள் மேசைக்கு மேசை நின்ற ஆசிரியைகளின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அதே பண்ணைகளில் மாடு மேய்த்த பழங்குடி மக்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் இந்தக் குரல் எட்டவே இல்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதி. மிதி வானொலியைக் கொண்டாடும் கதைகளில் இது அரிதாகவே சொல்லப்படுகிறது.

வறட்சியும் கம்பளி விலை வீழ்ச்சியும் பண்ணைக் குடும்பங்களை நெருக்கிய காலத்தில்தான் பெற்றோர் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். விடுதிக் கட்டணமும் வீட்டு ஆசிரியையின் சம்பளமும் கைக்கு எட்டாமல் போயிருந்தன. 1971இல் நியூ சவுத் வேல்ஸின் பர்க் நகரில் தொலைநிலப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் பிறந்தது. அதுவரை அந்தந்த வீட்டுக் குறையாக இருந்தது பொதுக் கோரிக்கையாயிற்று. 1973இல் கூட்டரசு இத்தகைய குடும்பங்களுக்கான உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வானொலியின் இடத்தைச் செயற்கைக்கோள் இணைப்பும் கணினித் திரையும் பிடித்தன. ஆசிரியையின் முகம் பிள்ளைக்குத் தெரிகிறது; விடைத்தாள் வாரக்கணக்கில் காத்திருப்பதில்லை. பள்ளிகள் இப்போது தாயை ‘ஹோம் டியூட்டர்’ என்று பெயரிட்டு அழைக்கின்றன. அந்த வேலைக்குப் படித்தொகை வேண்டும் என்று பெற்றோர் சங்கம் கூட்டரசிடம் மனுவுக்கு மேல் மனுவாகக் கேட்டு வந்திருக்கிறது.