லயத்து வாசலில் விரிந்த கம்பளம்

மலேசியாவின் கோலா சாவா ரப்பர் தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாளே வியாபாரிகள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்துவிடுவார்கள். சேலை, பாத்திரம், தீபாவளி நெருங்கினால் தோளில் சுருட்டிய கம்பளம். பால்மரம் வெட்டிவிட்டு வந்த என் அம்மாவிடம், "கையால நெஞ்சதுக்கா, முன்பணம் மட்டும் குடுங்க, மிச்சம் மாசாமாசம்" என்பார்கள். மொத்த விலை வாயில் வராது. கடன் கணக்கும் அவர்கள் நோட்டில்தான். நம் கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்காது.

அம்மா முதலில் கம்பளத்தைப் புரட்டுவார். கைமுடிச்சு என்றால் பூவேலை பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். குஞ்சம் பாவுநூலின் நுனியாகவே இருக்கும், தனியாகத் தைத்திருக்காது. பிரிந்த இழை ஒன்றை நெருப்பில் காட்டினால், கம்பளியாக இருந்தால் முடி கருகும் வாடை வரும். செயற்கை இழை உருகி உருண்டையாகும்.

இப்படி வீடு தேடிவரும் விற்பனையைக் கட்டுப்படுத்த 1993-இல் நேரடி விற்பனைச் சட்டம் வந்தது. எழுத்து ஒப்பந்தத்தையும், அதை ரத்துசெய்ய 10 வேலைநாள் அவகாசத்தையும் அது தந்தது. 1999-இன் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடுவர் மன்றத்தை அமைத்தது. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம்; மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.

தோட்டத்து மக்களுக்கு இந்த உரிமைகள் மிகத் தாமதமாகவே கிடைத்தன. கிடைத்ததை விட்டுவிடாதீர்கள்: மொத்த விலையை எழுதி வாங்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.