தாளாளரின் பழைய வேலை

செம்பூரில் தமிழர் விழா அழைப்பிதழ்களில், ஊரிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே சில சமயம் ‘தாளாளர்’ என்று போட்டிருக்கும். மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அப்படியென்றால் யார் என்று கேட்பார்கள். பள்ளியின் சார்பில் கல்வித் துறைக்கு எழுதுபவர், கரஸ்பாண்டண்ட் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். தாள் என்றால் காகிதம். ஆகவே தாளாளர் என்பவர் காகிதத்தைக் கையாள்பவர். கேட்பவர்களுக்கு அத்துடன் திருப்தியாகிவிடும்.

ஆனால் காகிதம் தமிழ்நாட்டை எட்டிப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தச் சொல் இருந்தது. நாலடியாரின் இருபதாம் அதிகாரத்துக்குப் பெயரே தாளாண்மை. அதன் முதல் பாட்டிலேயே தாளாளர் வந்துவிடுகிறார். அங்கே அவர் சோர்வறியாமல் முயல்பவர்.

தாள் என்பது முதலில் கால். செம்பூர் செடா நகர் முருகன் கோயிலில் படியேறிப் போய்த் தாள் பணிகிறோம் என்னும்போது அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. வயலில் அது பயிரின் தண்டு. பயிரும் மனிதரும் நிற்பது தாளில்தான். முயற்சி என்ற பொருளும் அதே சொல்லில் ஏறிக்கொண்டது. ஆண்மை என்பதை இங்கே ஆணின் குணமாகப் படிக்கக் கூடாது. ஆளும் தன்மை அது, மேலாண்மையில் வருவது போல.

நாலடியார் காட்டும் தாளாளர் எனக்கு மிகவும் பிடித்தவர். விடாமுயற்சி என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் முட்டுகிறவர்தான் நம் மனத்தில் வருகிறார். அந்தப் பாட்டில் வருபவரோ வாளேந்தி ஆடும் கூத்தியரின் கண்களைப் போன்றவர். வாள் சுழலச் சுழல அந்தக் கண்களும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணம் அயர்ந்தால் ஆபத்து. பிடிவாதத்தை விட விழிப்பைத்தான் பாட்டு பெரிதாக நினைத்திருக்கிறது. அதே பாட்டில், நீர் கொள்ளாத குளத்தின் கீழ் வாடும் பயிரைப் போல, உறவினர் கொடுப்பதைத் தின்று அழிகிற சோம்பேறியும் இருக்கிறார்.

குறளில் தாளாண்மைக்கு ஒரு துணை உண்டு: வேளாண்மை. பிறருக்கு உதவுவது என்று அங்கே அதற்குப் பொருள். உதவி செய்கிறோம் என்ற பெருமிதம், ஓயாமல் முயல்பவரிடத்தில்தான் தங்கும் என்கிறார் வள்ளுவர். இந்த இணை பின்னாளில் பிரிந்தது. வேளாண்மை வயலுக்குப் போய் விவசாயம் ஆனது. தாளாளர் பள்ளி அலுவலகத்துக்குப் போனார். தாளாண்மையின் இடத்தில் விடாமுயற்சி வந்து உட்கார்ந்தது. அது நல்ல சொல்தான். ஆனால் பிறருக்கு என்ற நினைப்பு அதில் ஒட்டவில்லை.

செம்பூரில் பள்ளிக்கூடம் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு விடாமுயற்சிக்கு இன்னொரு சொல்லும் தெரியும். மராத்தி ஆசிரியர்கள் ‘சிக்காட்டி’ என்பார்கள். ‘சிக்கட்’ என்றால் பிசுபிசுப்பு. பசை போல விடாமல் ஒட்டிக்கொள்ளும் குணம் சிக்காட்டி. பிடித்ததை விடாதவருக்கு அது பொருந்தும். ஊரை விட்டுக் கிளம்பி வந்தவர்களுக்குக் காலிலிருந்து பிறந்த சொல்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, உறவினர் முகவரி ஒன்றோடு ரயிலேறி வந்தவர்கள் எத்தனையோ பேர். ‘சால்’ எனப்படும் தொடர் குடியிருப்புகளின் அறைகளில் நெருக்கியடித்துப் படுத்து, மாட்டுங்கா மெஸ்களில் சாப்பிட்டு, வேலை நிலைத்த பிறகு செம்பூர் பக்கம் வீடு பார்த்தார்கள். அவர்களில் பலர் நாலடியாரின் அந்தக் குளத்தடிப் பயிராக நின்றுவிடவில்லை. 1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. 1952இல் சண்முகானந்த இசைச் சபை வந்தது. 1963இல் அதன் பெரிய அரங்கம் எழுந்தது. 1990இல் தீ அதை அழித்தது. சபையினர் ஓயாமல் முயன்று 1998இல் மீண்டும் திறந்தார்கள். பின்னால் வருகிறவர்களுக்குப் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் இடம் வேண்டும் என்று மாலை நேரங்களில் வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டு நடந்தவர்கள் மும்பையின் தமிழ்ச் சங்கங்களில் இருந்திருக்கிறார்கள். எந்தப் பதவியும் இல்லாத அவர்களைத் தாளாளர் என்று சொல்ல நாலடியாரே போதும்.